காலத்தையும் விலைபேசும் கல்விச் சந்தை

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல், மே மாதங்களில் நாடெங்கும் எண்ணற்ற குடும்பங்கள் ஒரே கேள்வியின் முன் நிறுத்தப்படுகின்றன. ஐஐடி, என்ஐடி, மத்தியப் பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றின் சேர்க்கை முடிவுகளுக்காகக் காத்திருப்பதா? அல்லது இப்போதே ஒரு தனியார் பல்கலைக்கழகத்திலோ நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலோ முன்பணம் கட்டி இடத்தைப் பிடித்துவைப்பதா? காத்திருந்து அரசு நிறுவனத்தில் இடம் கிடைக்காமற்போனால், அதற்குள் தனியார் நிறுவனத்தின் நல்ல பாடப்பிரிவுகள் நிரம்பிவிடும். முன்பணம் கட்டிய பின்னர் அரசு நிறுவனத்தில் இடம் கிடைத்தால், கட்டிய பணத்தைத் திரும்பப் பெற அலைய வேண்டும்.

வங்கி, காப்பீடு, ரயில்வே, ஆசிரியர் சங்கங்களில் பணியாற்றும் நமது தோழர்களின் வீடுகளும் இக்கேள்விக்கு விலக்கல்ல. கிளைக் கூட்டம் முடிந்த பிறகு, நிகழ்ச்சி நிரலில் இல்லாத பொருளாக, இது பேசப்படுவதை நாம் அறிவோம். அப்போது இருவகை விடைகள் கிடைக்கின்றன. “முந்திக்கொள்பவரே புத்திசாலி, கணக்குப் போட்டு முடிவெடுங்கள்” என்பது ஒன்று. நாளேடுகளின் கல்வி இணைப்புகளும் சேர்க்கை ஆலோசகர்களும் ஓயாமல் ஓதும் விடையும் இதுவே. “இது வசதி படைத்தோரின் கவலை, உழைக்கும் வர்க்கக் கட்சிக்கு இதில் என்ன வேலை?” என்பது மற்றொன்று. இரண்டும் தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நாட்காட்டியில் ஒளிந்திருக்கும் வர்க்கம்

முதலில் நாட்காட்டியைப் பார்ப்போம். சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் மே மாத நடுவில் வருகின்றன. ஜேஇஇ அட்வான்ஸ்டு முடிவு ஜூன் மாதத்தில் வருகிறது. ஐஐடி, என்ஐடி இடங்களை ஒதுக்கும் ‘ஜோசா’ கலந்தாய்வு அதன் பின்னரே தொடங்கி, பல சுற்றுகளாக ஜூலை வரை நீள்கிறது. பெரிய நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சிலவோ தத்தம் நுழைவுத்தேர்வுகளை முன்கூட்டியே நடத்தி, ஜோசா தொடங்குவதற்கு வாரங்கள் முன்னரே மாணவர்களை அழைத்து, குறுகிய கெடுவுக்குள் பணம் கட்டச் சொல்கின்றன. ஹரியானாவின் சோனிபட்டில் உள்ள அசோகா பல்கலைக்கழகம் போன்ற கலை, அறிவியல் நிறுவனங்கள் இன்னும் ஒருபடி மேலே சென்று, மாணவர் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதுவதற்கு மாதங்கள் முன்பே முதற்சுற்று விண்ணப்பங்களைப் பெறத் தொடங்கிவிடுகின்றன.

இந்த முந்தலும் பிந்தலும் தற்செயலானவை அல்ல. 2025இல் 23 ஐஐடி நிறுவனங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 18,000 இடங்களே இருந்தன. ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வை மட்டும் ஏறத்தாழ 1.8 லட்சம் பேர் எழுதினர். பத்தில் ஒன்பது பேருக்கு இடம் இல்லை என்பது தேர்வுக்கு முன்பே உறுதி. இந்த ஒன்பது பேரின் அச்சமே தனியார் நிறுவனத்தின் மூலதனம். முடிவு வந்த பிறகு கேட்டால் மாணவர் நிதானமாக ஒப்பிட்டுப் பார்ப்பார். முடிவு வருமுன் கேட்டால் அச்சத்தில் கையெழுத்திடுவார். எனவேதான் கெடு முன்னால் வைக்கப்படுகிறது.

யாரால் முந்த முடியும்? கையில் பணம் வைத்திருப்பவரால் முடியும். இரண்டு, மூன்று இடங்களில் கட்டிவைத்துவிட்டு, எது சிறந்ததோ அதைத் தேர்ந்து, மற்றவற்றை விட்டுவிட அவரால் இயலும். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கி ஓரிடத்தில் மட்டும் கட்டியவரால் இயலாது. விவசாயத் தொழிலாளியின் மகளுக்கு இந்தக் கேள்வியே எழுவதில்லை. அவள் காத்திருந்தே ஆக வேண்டும். ஒருவர் காலத்தை விலைக்கு வாங்குகிறார். இன்னொருவர் காலத்துக்கு வட்டி கட்டுகிறார். மூன்றாமவர் காலத்தின் கருணைக்கு விடப்படுகிறார். மூவரும் ஒரே தேர்வை ஒரே நாளில் எழுதியவர்கள். தகுதி பற்றி நாள்தோறும் பேசும் கனவான்கள் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

தாமதத்தின் பயன் யாருக்கு?

தனியார் நிறுவனங்களின் முந்தலுக்கு உரமிடுவது ஒன்றிய அரசின் பிந்தல். 2017இல் ஒப்புதல் பெற்று உருவாக்கப்பட்ட தேசியத் தேர்வு முகமையிடம் நாட்டின் முதன்மை நுழைவுத்தேர்வுகள் ஒவ்வொன்றாக ஒப்படைக்கப்பட்டன. 2022இல் மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைச் சேர்க்கையும் ‘க்யூட்’ என்ற பொது நுழைவுத்தேர்வின் கீழ் கொண்டுவரப்பட்டது. முதல் ஆண்டிலேயே முடிவு வெளிவர செப்டம்பர் நடுப்பகுதி ஆயிற்று. தில்லிப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு வகுப்புகள் நவம்பரில்தான் தொடங்கின. 2024இல் முடிவு ஜூலை இறுதிவரை இழுத்தடிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் யுஜிசி-நெட் தேர்வு, நடந்த மறுநாளே ரத்து செய்யப்பட்டதும், நீட் வினாத்தாள் கசிவு நாட்டையே உலுக்கியதும் நினைவில் இருக்கும்.

நவம்பர் வரை மகனையோ மகளையோ வீட்டில் வைத்துக்கொண்டு காத்திருக்க எத்தனை பெற்றோருக்குத் துணிவு வரும்? அரசுப் பல்கலைக்கழகம் தாமதிக்கும் ஒவ்வொரு வாரமும் தனியாருக்கு வாடிக்கையாளரை அனுப்பும் வாரம். இது வெறும் நிர்வாகத் திறமையின்மை என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். திறமையின்மை ஆண்டுதோறும் ஒரே திசையில் பயன் தருமானால், அதைக் கொள்கை என்று அழைப்பதே பொருத்தம். கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதம் ஒதுக்க வேண்டும் என்று கோத்தாரி குழு 1966இல் பரிந்துரைத்தது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் அதே எண்ணைத் திரும்பச் சொல்கிறது. இடைப்பட்ட காலத்தில் எந்த அரசும் அந்த அளவை எட்டவில்லை. அரசு கட்டாத கல்லூரிகளின் இடத்தில்தான் முன்பணச் சந்தை முளைத்திருக்கிறது.

ஹார்வர்டு தரும் பாடம்

இந்த முறை நம் நாட்டில் பிறந்ததன்று. அமெரிக்காவின் புகழ்பெற்ற தனியார் கல்லூரிகள் சில 1950களில் தொடங்கிவைத்த ‘எர்லி டிசிஷன்’ முறையின் நிழல் இதன் மீது விழுந்திருக்கிறது. மற்றவர்கள் ஜனவரியில் விண்ணப்பிக்கும்போது, இம்முறையில் விண்ணப்பிப்பவர் நவம்பர் தொடக்கத்திலேயே ஒரே ஒரு கல்லூரியைத் தேர்ந்து விண்ணப்பிக்கிறார். இடம் கிடைத்தால் அங்கேயே சேர்வேன், பிற விண்ணப்பங்களைத் திரும்பப் பெறுவேன் என்று மாணவரும் பெற்றோரும் பள்ளி ஆலோசகரும் கையொப்பமிட வேண்டும். டிசம்பர் நடுவில் விடை வந்துவிடும்.

இச்சொல்லைத் தமிழாக்க முனைவோர் ‘முன்கூட்டிய முடிவு’ என்று எழுதிவிட்டு, அது யாருடைய முடிவு என்ற கேள்வியில் தடுமாறுவர். மாணவர் முன்கூட்டியே முடிவெடுக்கும் உரிமை என்பது அதன் விளம்பரம். நடைமுறையில் அது மாணவர் பிற கதவுகளைத் தாமே சாத்திக்கொள்ளும் உறுதிமொழி. வெவ்வேறு கல்லூரிகள் தரும் கல்வி உதவித்தொகையை ஒப்பிட்டுப் பார்த்தாக வேண்டிய ஏழை மாணவர் அந்த உறுதிமொழியைத் தர அஞ்சுகிறார். செலவைப் பற்றிக் கவலையற்றவர் தயங்காமல் கையொப்பமிடுகிறார். கிறிஸ்டோபர் ஏவரி உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் 14 கல்லூரிகளுக்கு வந்த 5 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை ஆராய்ந்து 2003இல் ஒரு நூலை வெளியிட்டனர். முன்கூட்டி விண்ணப்பிப்பதால் மட்டுமே கிடைக்கும் ஆதாயம், சாட் தேர்வில் சுமார் 100 மதிப்பெண் கூடுதலாகப் பெறுவதற்கு ஈடானது என்பது அவர்களின் முடிவு. அறிவுக்கு என்று சொல்லப்படும் மதிப்பெண், பணம் தந்த நிம்மதிக்காகவும் வழங்கப்பட்டது என்பதே இதன் பொருள்.

நமக்கு முக்கியமானது அடுத்து நிகழ்ந்தது. 2006 செப்டம்பரில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் தனது முன்கூட்டிய சேர்க்கையைக் கைவிடுவதாக அறிவித்தது. ஹார்வர்டின் முறை மாணவரைக் கட்டுப்படுத்தாத வகையைச் சேர்ந்தது. அப்படியிருந்தும் அது வசதி படைத்தோருக்கே சாதகமாக இருக்கிறது என்று அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. பிரின்ஸ்டனும் வர்ஜீனியா பல்கலைக்கழகமும் பின்தொடர்ந்தன. பிற நிறுவனங்கள் அசையவில்லை. சிறந்த மாணவர்களை முன்கூட்டியே பிடித்துக்கொள்வதைத் தொடர்ந்தன. ஐந்தாண்டுகளுக்குள் விலகிய மூன்றும் தோற்றுத் திரும்பின. 2011இல் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் முன்கூட்டிய சேர்க்கையை மீண்டும் கொண்டுவந்தன. உலகிலேயே மிகுந்த செல்வம் குவித்திருக்கும் பல்கலைக்கழகத்தால்கூட நல்லெண்ணத்தை மட்டும் நம்பிச் சந்தையின் போட்டி விதியைத் தாண்ட இயலவில்லை.

சேர்க்கை ஆலோசகர்களின் தேசியச் சங்கம் ஓரளவுக்குக் கட்டுப்பாடு வைத்திருந்தது. முன்கூட்டி விண்ணப்பிப்பவருக்கு மட்டும் விடுதி, உதவித்தொகை போன்ற தனிச் சலுகைகளைக் காட்டி இழுக்கலாகாது என்பது அதன் நெறிமுறை. 2019இல் அமெரிக்க நீதித்துறை அமைச்சகம் இந்த நெறிமுறை போட்டிக்குத் தடை என்று கூறித் தலையிட்டது. சங்கம் விதியை நீக்கியது. மாணவரைக் காக்கும் உடன்பாட்டைக் குற்றம் என்றும், மாணவரை வளைக்கும் போட்டியைச் சுதந்திரம் என்றும் முதலாளித்துவ அரசு தீர்ப்பளித்த விதம் இது.

எதிர்வாதங்கள்

“பணத்தைத் திருப்பித் தர விதி இருக்கிறதே” என்பர். இருக்கிறது. 2024-25 கல்வியாண்டில் செப்டம்பர் 30 வரை விலகும் மாணவருக்கு முழுக் கட்டணத்தையும், அக்டோபர் 31 வரை விலகுபவருக்கு 1,000 ரூபாய்க்கு மேற்படாத தொகையைக் கழித்துக்கொண்டு மீதியையும் திருப்பித்தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. இது போராடிப் பெற்ற நிவாரணம். இதைத் தோழர்கள் அறிந்திருக்க வேண்டும், பிறருக்கும் எடுத்துச்சொல்ல வேண்டும். ஆனால் திருப்பித் தரும் விதி, முதலில் கட்டுவதற்குப் பணம் வைத்திருந்தவரையே காக்கும். நகையை அடகு வைத்தவருக்கு அசல் திரும்பினாலும் வட்டி திரும்பாது. கட்டவே முடியாதவருக்கு இந்த விதியால் எள்ளளவும் பயனில்லை.

“கடன் வசதி இருக்கிறதே” என்பர். 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை பிஎம்-வித்யாலட்சுமி திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பங்களுக்கு, 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. கல்லூரி கட்ட வேண்டிய அரசு கடன் கொடுக்கிறது. கட்டணத்தைக் கட்டுப்படுத்த வேண்டிய அரசு அக்கட்டணத்தைக் கட்டுவதற்கு வட்டியைக் குறைக்கிறது. கடன் மாணவரின் தோளில் ஏறுகிறது, பணம் நிறுவனத்தின் கணக்கில் சேர்கிறது.

“எத்தனை பேர் சேர்வார்கள் என்று தெரியாமல் ஒரு நிறுவனம் எப்படித் திட்டமிடும்?” என்ற வாதம் சற்றுக் கனமானது. இடங்கள் காலியாகப் போவது சமூகத்துக்கும் இழப்புத்தான். ஆனால் இச்சிக்கலுக்கு நம் நாட்டிலேயே தீர்வு காணப்பட்டிருக்கிறது. 2015க்கு முன்பு ஐஐடிகளுக்கும் என்ஐடிகளுக்கும் தனித்தனிக் கலந்தாய்வு நடந்தது; ஒரே மாணவர் இரண்டிலும் இடம் பெறுவதும், ஒன்றை விட்டுச் செல்லும்போது அது காலியாவதும் வாடிக்கை. 2015இல் ஜோசா என்ற ஒரே மேடை அமைந்தது. ஒரு மாணவருக்கு ஒரு நேரத்தில் ஓர் இடம். மேலானது கிடைத்தால் பழையது தானாக அடுத்தவருக்குப் போகும். தமிழ்நாட்டிலும் பொறியியல் சேர்க்கைக்கான ஒற்றைச்சாளர முறை பல ஆண்டுகளாக இதே வேலையைச் செய்துவருகிறது. அதற்கு வெளியே நிற்பவை நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களே. திட்டமிடலுக்குத் தேவையானது பொதுக் கலந்தாய்வு. முன்பணம் கேட்பவர்களின் தேவை வேறு.

மறைக்கப்படும் மற்றொரு கதவு

முன்கூட்டிய சேர்க்கை என்பது இடஒதுக்கீட்டைத் தாண்டிச் செல்லும் குறுக்குவழியும் ஆகும். உயர் கல்வியில் மாணவர் எண்ணிக்கை 2021-22இல் 4.33 கோடியை எட்டியது. கல்லூரிகளில் நான்கில் மூன்றுக்கும் மேற்பட்டவை தனியார் நிர்வாகத்தில் இருக்கின்றன. இனாம்தார் வழக்கில் 2005இல் உச்சநீதிமன்றம், அரசு உதவி பெறாத தனியார் நிறுவனங்கள் மீது மாநில அரசு இடஒதுக்கீட்டைத் திணிக்க இயலாது என்று தீர்ப்பளித்தது. அதற்கு விடையாக நாடாளுமன்றம் 93ஆம் அரசியல் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றி, 15(5) பிரிவைச் சேர்த்தது. தனியார் நிறுவனங்களிலும் இடஒதுக்கீட்டுக்குச் சட்டம் இயற்றலாம் என்று அப்பிரிவு அதிகாரம் அளிக்கிறது; 2014இல் பிரமதி வழக்கில் உச்சநீதிமன்றமும் அது செல்லும் என்று உறுதிசெய்தது. இருந்தும் 2006இல் இயற்றப்பட்ட ஒன்றியச் சட்டம் மத்தியக் கல்வி நிறுவனங்களோடு நின்றுவிட்டது. தனியார் உயர்கல்வி நிறுவனங்களில் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவரின் பங்கு மிகக் குறைவு என்று சுட்டிக்காட்டி, இடஒதுக்கீட்டுக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று கல்விக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2025 ஆகஸ்டில் பரிந்துரைத்தது. அரசியல் சட்டம் வழி திறந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. அதில் நடக்க ஆளும் வர்க்கங்களுக்கு மனமில்லை.

இடஒதுக்கீடு இல்லாத, கட்டணத்துக்கு உச்சவரம்பு இல்லாத நிறுவனங்கள், அவை உள்ள நிறுவனங்களுக்கு முன்பாகவே கதவைத் திறந்து முடித்துவிடுகின்றன. வசதியும் சாதியும் ஒருசேர உள்ளவர் முதல் வரிசையில் அமர்ந்த பிறகே சமூக நீதியின் பட்டியல் வாசிக்கப்படுகிறது.

இரண்டு தவறான நிலைகள்

“கணக்குப் போட்டு முந்திக்கொள்” என்ற விடை ஏன் தவறு என்பது இப்போது விளங்கும். எல்லோரும் முந்தினால் எவரும் முந்தியவராக மாட்டார். கெடு மட்டும் இன்னும் முன்னால் நகரும். ஹார்வர்டு மீண்டதுபோல் ஒவ்வொருவரும் மற்றவருக்கு அஞ்சி ஓடும் ஓட்டம் இது. தனித்தனிச் சாமர்த்தியத்தால் இதை வெல்ல முடியும் என்று போதிப்பவர், கூலி உயர்வுக்குச் சங்கம் வேண்டாம், முதலாளியிடம் தனித்தனியே பேரம் பேசுங்கள் என்று சொல்பவருக்கு ஒப்பானவர்.

“நமக்கென்ன” என்ற விடையும் தவறே. முன்பணமாகப் போவது பெரும்பாலும் ஓய்வூதியப் பலன், வைப்புநிதி, வீட்டின் மேல் கடன் ஆகியவை. உழைத்துச் சேர்த்த பணமே அது. அந்த அச்சம் அமைப்பாகத் திரட்டப்படாவிட்டால், “இடஒதுக்கீட்டால்தான் உன் பிள்ளைக்கு இடமில்லை” என்று ஓதும் வலதுசாரிகளிடம் போய்ச் சேரும். ஏற்கெனவே பல வீடுகளில் போய்ச் சேர்ந்திருக்கிறது. பதினெட்டாயிரம் இடங்களுக்கு ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேற்பட்டோரை மோதவிட்ட அரசு தப்பித்துக்கொள்கிறது. அந்த இடங்களில் ஒரு பங்கை உரிமையாகப் பெறும் தலித் மாணவர் எதிரியாகக் காட்டப்படுகிறார்.

அப்படியானால் பணம் கட்டும் தோழர் குற்றவாளியா? இல்லை. அரசு மருத்துவமனையில் படுக்கை கிடைக்காமல் தனியார் மருத்துவமனைக்கு ஓடுபவர், பொது மருத்துவத்துக்காகப் போராடும் உரிமையை இழப்பதில்லை. தம் பிள்ளைக்காக ஒரு தாயோ தந்தையோ எடுக்கும் முடிவைக் கட்சி எடுத்துத் தர இயலாது. எடுத்துத் தரவும் கூடாது. ஆனால் அந்த முடிவை அவர்கள் நள்ளிரவில் தனியே, கடன்காரனின் முகத்தை நினைத்துக்கொண்டு எடுக்கும்படி வைத்திருக்கும் ஏற்பாட்டைக் கேள்வி கேட்பது கட்சியின் வேலை.

கோர வேண்டியவை

தனி நிறுவனங்களின் நல்லெண்ணம் போதாது என்பதை அமெரிக்க அனுபவமும், பொதுக் கலந்தாய்வு சாத்தியமே என்பதை நம் அனுபவமும் காட்டுகின்றன. ஆகவே நாம் கோருபவை இவை. தனியார், நிகர்நிலை உள்ளிட்ட அனைத்து உயர்கல்வி நிறுவனங்களுக்கும் சட்டத்தால் கட்டுப்படுத்தும் ஒரே சேர்க்கை நாட்காட்டி வேண்டும். அரசு நிறுவனங்களின் கலந்தாய்வு முடியும்வரை எந்த நிறுவனமும் எந்தப் பெயரிலும் பணம் பெறக் கூடாது. மீறினால் அங்கீகாரம் பறிக்கப்பட வேண்டும். 15(5) பிரிவின்படி தனியார் நிறுவனங்களில் இடஒதுக்கீட்டுக்கும் கட்டணக் கட்டுப்பாட்டுக்கும் ஒன்றியச் சட்டம் வேண்டும். தேசியத் தேர்வு முகமையைக் கலைத்துவிட்டு, சேர்க்கை அதிகாரம் பல்கலைக்கழகங்களிடமும் மாநிலங்களிடமும் திரும்ப வேண்டும். அனைத்துக்கும் அடிப்படையாக, 6 சதவீத நிதி ஒதுக்கீட்டின் மூலம் அரசுக் கல்லூரி இடங்கள் பெருக வேண்டும். பற்றாக்குறை இருக்கும்வரை அதை விற்பவர் இருப்பர்.

இவற்றை மாணவர், வாலிபர், மாதர், ஆசிரியர் அமைப்புகள் ஒன்றிணைந்து எடுத்துச் செல்ல வேண்டும். சேர்க்கைக் காலத்தில் கிளைகள் ஓர் உடனடிப் பணியையும் ஏற்கலாம். கட்டணத்தைத் திருப்பித் தர மறுக்கும் நிறுவனங்கள் பற்றிய புகார்களைத் திரட்டி, அவ்வாண்டுக்குரிய விதியைக் காட்டி, மானியக் குழுவிடம் கூட்டாக முறையிடலாம். தனியே முறையிடும் பெற்றோரை நிறுவனத்தின் வாயிற்காவலரே திருப்பி அனுப்பிவிடுகிறார். ஐம்பது பெற்றோர் ஒரே மனுவோடு நிற்கும்போது நிர்வாகம் அலுவலகக் கதவைத் திறந்தாக வேண்டும். கூட்டாகப் பேரம் பேசக் கற்றவர்கள் நாம். அந்தக் கல்வியை இந்தப் பெற்றோருக்கும் கொண்டுசேர்ப்போம்.